எட்டு இட்லி விரதம்

அப்பா குற்றாலத்தில் எண்ணெய் தேய்ப்பவர். சாரல் தொடங்கியதும் பெரிய அருவிக்குப் பக்கத்துக் கல்தளத்தில் அவருக்கென்று ஓர் இடம் உண்டு. ஓர் ஆள் நீட்டிப் படுக்கிற அளவு நீளம், எண்ணெய்க் கிண்ணம் வைக்க ஒரு மூலை, அவ்வளவுதான். அந்த இடத்தை நம்பித்தான் எங்கள் வீட்டில் வருடம் முழுவதும் உலை வைத்தார்கள். ஐந்தருவியிலும் பழைய அருவியிலும்கூட எண்ணெய் தேய்ப்பவர்கள் இருந்தார்கள். ஆனால் காரில் வருகிற வசதியானவர்கள் இறங்குவது பெரிய அருவியில்தான்.

எண்ணெய் தேய்க்கும்போது ஆட்கள் பேசுவார்கள். குப்புறப் படுத்திருப்பவருக்கு எதிரே முகம் எதுவும் இல்லை. முதுகில் இரண்டு கைகள் மட்டும் போய்வருகின்றன. அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரனுக்குக் காது இருக்கும் என்று யாருக்கும் தோன்றாது. பங்காளிச் சண்டை, மருமகள் மேல் குறை, யாரைப் பிடித்து யாருக்கு வேலை வாங்கினார்கள் என்பது வரை எல்லாம் வரும். அப்பா "ம்" போடுவார். அருவிச் சத்தத்தில் அங்கே மெதுவாகப் பேச முடியாது. ரகசியத்தையும் உரக்கத்தான் சொல்லவேண்டும்.

வெளியில் அப்பா ஒரு வார்த்தை சொன்னதில்லை. வீட்டில் சொல்வார். சொல்வார் என்பதைவிட, நடித்துக் காட்டுவார் என்பதே சரி. பொழுது சாய்ந்து வந்து சாப்பிட்டு முடித்ததும் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, பாயில் குப்புறப் படுத்துக்கொள்வார். அன்றைக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக அவர் தொண்டை வழியே எழுந்து வருவார்கள். மூக்கால் பேசும் நகைக்கடைக்காரர் வருவார். ஒவ்வொரு அழுத்தலுக்கும் சாமி பெயரைச் சொல்லும் வக்கீல் வருவார். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பாள். சிரித்து முடித்ததும் என் பக்கம் விரலை நீட்டுவாள்.

"ஏட்டி, இது வாசப்படியத் தாண்டப்படாது. கேட்டியா?"

எனக்கு ஒன்பது வயது. கேட்டேன் என்று தலையாட்டுவேன்.

அது அறுபதுகளின் நடுப்பகுதி. அரிசி கிடைக்காத காலம். வாரத்தில் ஒரு வேளைச் சோற்றை விட்டுக்கொடுங்கள் என்று எல்லா மேடைகளிலும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கம் அதை ஊர் ஊராகப் போய்ப் பேசியவர் ஒரு ரைஸ்மில் முதலாளி. ஞாயிற்றுக்கிழமை தோறும் கறுப்புக் காரில் அருவிக்கு வருவார். அப்பாதான் தேய்க்கவேண்டும், வேறு யார் கையும் அவர் மேல் படக்கூடாது. எண்ணெய்க் குளியல் இடங்களைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் அவருடைய மைத்துனர். ஒரு ஞாயிறு அப்பா பாயில் படுத்து முதலாளியாக மாறி, மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்:

"மெதுவாத் தேயிலே. இன்னைக்கு விரதம். எட்டு இட்லியோட நிறுத்திக்கிட்டேன்."

அன்று அம்மாவுக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. எங்கள் வீட்டில் இட்லிக்குப் போட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது.

சீசனில் குற்றாலத்துக்காரர்கள் பலர் செய்வதுபோல நாங்களும் முன்னறையை வாடகைக்கு விட்டுவிட்டு அடுக்களைப் பக்கம் ஒதுங்கிக்கொள்வோம். அந்த ஆண்டு வந்தவர் சென்னையில் ஒரு வார இதழில் கேலிப்படம் போடுகிறவர். அப்போது வார இதழ் கையில் கிடைத்தால் பெரியவர்கள் முதலில் திருப்பியது அந்தப் பக்கத்தைத்தான். முடிவெட்டும் கடையில் ஒருவர் படத்தின் கீழே இருப்பதை வாசிக்க, சுற்றி நிற்கும் பத்துப் பேர் சிரிப்பார்கள். மந்திரிக்கு யானை மூக்கு, பதுக்கல்காரனுக்குப் பானை வயிறு, ரேஷன் வரிசையில் நிற்பவனுக்கு வெறும் எலும்பு. அந்தப் படங்களில் இருந்தவர்கள் எல்லாரும் தூரத்தில் இருந்தார்கள். அதனால் எங்கள் ஊரில் பயமில்லாமல் சிரிக்க முடிந்தது.

படக்காரர் என்றுதான் நாங்கள் அவரைச் சொன்னோம். சிரிப்புப் படம் போடுகிறவர் முகத்தில் சிரிப்பே இல்லாதது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. என்னை ஓர் அணிலாக வரைந்து கொடுத்தார். என் பின்னலே அணிலின் வால். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் பேனாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரை எப்படியாவது சிரிக்கவைத்துவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. மழை சற்று விட்டிருந்த ஒரு மத்தியானம், அம்மா ஓடைக்குத் துணி துவைக்கப் போயிருந்த நேரம், முன்னறைத் தரையில் குப்புறப் படுத்து முதலாளியைச் செய்து காட்டினேன். அப்பா செய்த அதே மூச்சு, அதே இழுப்பு.

அவர் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை சொல்லும்மா" என்றார். சொன்னேன். "எத்தனை இட்லி?" என்றார். எட்டு என்றேன். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

அவர் ஊருக்குப் போன மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, முடிவெட்டும் கடை அண்ணாச்சி இதழைச் சுருட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார்.

"என்னவே, இது நீருதானா?"

அரைப் பக்கப் படம். பின்னால் அருவி. முன்னால் ஒரு குன்று. உற்றுப் பார்த்தால் அது குன்றில்லை, குப்புறப் படுத்திருக்கும் ஆள். குன்றின் மேல் எண்ணெய்க் கிண்ணத்தோடு ஒரு சிறிய மனிதன் ஏறிக்கொண்டிருந்தான். வலது காதுக்கு மேல் முடிச்சு வரும்படி தலையில் துண்டு கட்டியிருந்தான். குற்றாலத்தில் அப்படி முடிச்சுப் போடுகிறவர் அப்பா ஒருவர்தான். அண்ணாச்சி கீழே இருந்ததை வாசித்தார். "மெதுவாத் தேயப்பா. இன்று விரதம். எட்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டேன்."

அப்பா சிரித்தார். ஒரு கணம்தான். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றதை நான் பார்த்தேன். அம்மா அடுப்பைப் பார்த்தாள். அண்ணாச்சி, "தென்காசி பூரா இதே பேச்சாத்தான் கெடக்கு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு இதழை வைத்துவிட்டுப் போனார். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பயம் குறைந்திருக்கும்.

செவ்வாயிலிருந்து ஞாயிறு வரை ஐந்து நாள். தெருவில் எந்த மோட்டார் சத்தம் கேட்டாலும் அடுக்களைக்குள் ஓடி ஒளிந்தேன். பள்ளிக்கூடத்தில் டீச்சர் பெயரைக் கூப்பிட்டால் போலீஸ் வந்திருக்கிறது என்றே எழுந்தேன். முதலாளி ஆள் வைத்து ஒருவன் கையை முறித்த கதையைப் பிள்ளைகள் சொல்லிக்கொண்டார்கள். அது உண்மையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அப்போது சந்தேகமே வரவில்லை. சோறு பிசையும் அப்பாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை எனக்கு ஒரு வழி தோன்றியது. படக்காரர் விட்டுப்போன மைப்புட்டியின் அடியில் கொஞ்சம் மை இருந்தது. குச்சியில் தொட்டு, படத்திலிருந்த சிறிய மனிதனின் தலையையும் துண்டையும் முழுக்கக் கறுப்பாக்கினேன். ஊரெல்லாம் கிடக்கும் மற்ற பிரதிகளைப் பற்றி அப்போது நினைக்கவே இல்லை. இதழை அரிசிப் பானைக்குப் பின்னால் செருகி வைத்தேன். மறுநாள் காலையில் அப்பா அதைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு நின்றார். பிறகு என் விரல்களைப் பார்த்தார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவர் இதழை நான்காக மடித்து வெந்நீர் அடுப்பில் வைத்தார். அது எரிந்து முடியும்வரை குத்தவைத்து இருந்துவிட்டு வேலைக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை போகவேண்டாம் என்றாள் அம்மா. "போவாட்டி ஒத்துக்கிட்டது மாதிரி ஆயிரும்" என்றார் அப்பா. எப்போதும்போலத் தலையில் துண்டு கட்டினார். முடிச்சை இடது பக்கம் போட்டுப் பார்த்தார். பிறகு அவிழ்த்து வலது பக்கமே போட்டுக்கொண்டு கிளம்பினார்.

அவர் தெரு திரும்பியதும் அம்மா என்னை இழுத்து நிறுத்தினாள். "நீ போயி தூரத்துல நின்னு என்ன நடக்குன்னு பாத்துட்டு வா. கிட்டப் போயிராத. என்ன பேசுதாவன்னு ஒண்ணு விடாமக் கேட்டுட்டு வந்து சொல்லு."

நான் ஒரு மண்டபத் தூணுக்குப் பின்னால் நின்றேன். சாரல் என் பாவாடையை நனைத்துக்கொண்டிருந்தது. கார் வந்தது. முதலாளியும் கூட இரண்டு பேரும் இறங்கினார்கள். அவர் துண்டைக் கட்டிக்கொண்டு வழக்கமான இடத்தில் வழக்கம்போலக் குப்புறப் படுத்தார். அப்பா எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றினார். முதுகு முழுவதும் எண்ணெய் பரவியது. அடித்தால்கூடச் சீக்கிரம் அடித்துவிட்டால் தேவலை என்றிருந்தது.

"என்னலே, பத்திரிகையில உன் படம் வந்திருக்காம்லா?"

"எனக்கு வாசிக்கத் தெரியாது மொதலாளி."

"படம் பாக்கத் தெரியுமில்லா?"

அப்பாவின் கைகள் நிற்கவில்லை. தோளிலிருந்து இடுப்புக்கும் இடுப்பிலிருந்து தோளுக்கும் ஒரே வேகத்தில் போய்வந்தன.

"அன்னைக்கு இங்கன நானும் நீயுந்தாம்லே இருந்தோம். அருவியா மெட்ராசுக்கு ரயிலேறிப் போயி சொல்லிச்சு?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை.

"வீட்டுல வச்சு சொன்னியோ? ஒம் பொண்டாட்டி சொன்னாளா? பொட்டப்புள்ள ஒண்ணு இருக்குல்லா, அது சொல்லிச்சா?"

தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கால் வழியே வெதுவெதுப்பாக இறங்கியது சாரல் இல்லை.

"இல்ல மொதலாளி" என்றார் அப்பா. அருவிச் சத்தத்துக்கு மேலே, தெளிவாக. "அந்தப் படக்காரவிய எங்க வீட்டுலதான் தங்கியிருந்தாவ. நாந்தான் சொன்னேன். சும்மா சிரிப்புக்குச் சொன்னேன்."

"சிரிச்சானா?"

"சிரிச்சாவ மொதலாளி. வயித்தப் புடிச்சிட்டுச் சிரிச்சாவ."

முதலாளி அதற்கப்புறம் எதுவும் கேட்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. முதுகு முடிந்து கால், கால் முடிந்து மல்லாந்து மார்பு, தலை என்று எல்லா ஞாயிறும்போல முழுவதையும் தேய்க்கவைத்தார். அருவியில் நின்றார். வந்து துவட்டிக்கொண்டார். சீப்பை வாங்கித் தலை வாரினார். அப்பா கைகட்டி நின்றுகொண்டிருந்தார். முதலாளி அவரைப் பார்க்காமல், கூட வந்தவர்களில் ஒருவரிடம் சொன்னார்:

"மச்சான்ட்ட சொல்லிரு. நாளையிலருந்து இந்த எடத்துக்கு வேற ஆளு."

கார் போயிற்று. கையை முறிக்கவில்லை. போலீஸ் வரவில்லை. அப்பா குனிந்து கிண்ணத்தைக் கழுவினார். கல்லில் விரித்திருந்த பாயைச் சுருட்டினார்.

நான் வீட்டுக்கு ஓடினேன். ஓடும்போது எனக்குள் பயம் இல்லை. நடந்தது எதுவும் நான் சொன்னதால் இல்லை. அப்பாவும்தான் சொல்லியிருக்கிறார். எனக்கு முன்னாலேயே சொல்லியிருப்பார். எனக்குச் சிரிக்காத படக்காரர் அப்பாவுக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறார் என்பதில் கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

அம்மா வாசலிலேயே நின்றாள். கேட்டதைக் கேட்டபடி, ஒன்று விடாமல் சொன்னேன். எந்த வார்த்தையையும் மாற்றவில்லை. முடித்துவிட்டு, "அப்பாதான் சொன்னாராம்மா" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். நனைந்திருந்த பாவாடையைப் பார்த்தாள். அதை அவிழ்த்து வாங்கிக்கொண்டே, "ஆமாட்டி, ஒங்கப்பாவுக்கு என்னைக்கும் வாய் அடங்காது" என்றாள்.

மறுநாளிலிருந்து அப்பா ஐந்தருவிக்கு நடந்து போனார். அங்கே அவருக்கென்று இடம் கிடையாது. மற்றவர்கள் எழுந்துபோன நேரத்தில் கிடைத்த கல்லில் தேய்த்தார். மாலையில் வந்து படுத்தவுடன் தூங்கிவிடுவார், கதவைச் சாத்தச் சொல்வதில்லை. பெரிய அருவியை ஏன் விட்டார் என்று தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் நான் பதில் வைத்திருந்தேன்.

"எங்கப்பாவுக்கு வாய் அடங்காது."

ஒரு தடவை அப்பா பக்கத்தில் இருக்கும்போதே அதைச் சொன்னேன். கேட்டவர் அவரைத் திரும்பிப் பார்த்தார். ஆமாம் என்று அப்பா தலையாட்டினார்.