அம்மா பேரைச் சொன்ன மைக்

செவ்வாய்க்கிழமை காலை ஏழாம் வகுப்புக்குள் நுழையும்போது ரஹீமிடமிருந்து போன் வந்தது. வண்ணாரப்பேட்டையில் மைக் செட் வாடகைக்கு விடும் ரஹீமை, கால்பந்து மைதானத்துக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும். எப்போதும் கத்திப் பேசுகிறவர் அன்று மெதுவாகப் பேசினார். "வாத்தி, நம்ம தயா மைக்க வெச்சிட்டான்." தயா போய்விட்டான் என்று புரிந்துவிட்டது. ஆனாலும் "எந்த மைக்?" என்று கேட்டேன். இருபத்தைந்து வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவன் கேட்கிற கேள்வியா அது!

தயாளன் என்ற முழுப்பெயர் ரேஷன் கார்டில்தான் இருந்தது. வியாசர்பாடியிலிருந்து எண்ணூர் வரை அவன் கமென்ட்ரி தயா. அவர் என்று எழுதினால் எழுந்து வந்து உதைப்பான் என்பதால் அவன் என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூட நாளில் ஒரே அணியில் ஆடினோம். அவன் வலப்பக்கம், நான் இடப்பக்கம், இரண்டு பக்கமும் ஓட்டை. நான் தமிழாசிரியர் ஆனேன். அவன் திருவொற்றியூரில் இரும்பு வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில் சேர்ந்தான், ஞாயிற்றுக்கிழமைகளில் மைக்கைப் பிடித்தான்.

அவன் கமென்ட்ரியைக் கேட்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கேட்காதவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். எந்த ஆட்டக்காரனையும் அவன் வெறும் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "பத்து நம்பரு யாருன்னு பாத்துக்கினியா? புளியந்தோப்பு டெய்லர் மேரி புள்ள! தோ வந்துகினு கீறான் பாரு பதினொண்ணு, கத்திவாக்கத்துல எறா விக்கிற வசந்தா பையன், உடாத நைனா, உடாத!" இதைக் கேட்பதற்காகவே அம்மாக்கள் மைதானத்துக்கு வந்தார்கள். ஆஃப்சைடு என்றால் என்னவென்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. தங்கள் பெயர் ஒலிபெருக்கியில் வரும்போது முந்தானையால் வாயை மூடிச் சிரிப்பார்கள். வசந்தாம்மா இறால் கூடையைச் சீக்கிரம் காலி செய்துவிட்டு இரண்டு பஸ் மாறி வருவார்.

ஏன்டா இப்படி என்று ஒருநாள் கேட்டேன். ஃபவுண்டரியில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லையாம், டோக்கன் நம்பர்தானாம். "நம்பருக்கு ஏது வாத்தி ஆத்தா? இங்கியும் முதுகுல நம்பர ஒட்டிக்கினுதான் ஓடுறானுங்க. பெத்தவ பேர நாமளாவது சொல்லலாமே" என்றான். சொல்லிவிட்டு டீக்குச் சர்க்கரை போதவில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போய்விட்டான்.

உலகக் கோப்பை வந்தால் எங்கள் பகுதியில் ஒரு தெரு ஒரு நாட்டு அணிக்காக மஞ்சளாகும், அடுத்த தெரு இன்னொரு நாட்டுக்காக நீலமும் வெள்ளையுமாகும். மச்சான்கள் பேசிக்கொள்ள மாட்டார்கள். தயா எந்தப் பக்கமும் இல்லை. தெருமுனையில் பெரிய டிவியை வைத்து, அதன் சத்தத்தை அணைத்துவிட்டு, இவன் பேசுவான். வெளிநாட்டு ஆட்டக்காரர்களின் அம்மா பேர் தெரியவில்லையே என்பதுதான் அவனுக்குக் குறை. போன உலகக் கோப்பையில் மொராக்கோ ஜெயித்த அன்று ஒரு காட்சி வந்தது, உங்களுக்கு நினைவிருக்கும். ஆட்டம் முடிந்ததும் ஓர் ஆட்டக்காரர் தன் அம்மாவைப் புல்தரைக்கே கூட்டிவந்து அவரோடு ஆடினார். தலையை மூடிய சாதாரண அம்மா, நம் தண்டையார்பேட்டைத் தெருவில் நடந்து போனால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டோம். தயா பேச்சை நிறுத்திவிட்டான். மைக் வழியாக அவன் மூக்கை உறிஞ்சுவதுதான் கேட்டது. பிறகு, "பாத்தியா வாத்தி, அங்கியும் இதான்" என்றான். மஞ்சள் தெருவும் நீலத் தெருவும் சேர்ந்து கைதட்டின.

இப்போது நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அடுத்த வருஷம் நடந்த பெரிய போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு மேடை போட்டு, வெளியிலிருந்து பெரிய மனிதர்களை அழைத்திருந்தார்கள். கமென்ட்ரி கொஞ்சம் சுத்தமாக இருக்கட்டும் என்று ஏற்பாட்டாளர்கள் என்னிடம் வந்தார்கள். வீட்டில் நானும் தயாவைப் போலத்தான் பேசுகிறேன். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது மட்டும் அந்தப் பேச்சைச் செருப்பைப் போல வாசலிலேயே விட்டுவிடுவேன். சினிமாவில் நம் பேச்சைக் கிண்டல் செய்தால் கோபம் வருகிற எனக்கு, அன்று மேடைக்கு முன்னால் அதே பேச்சு கூச்சமாக இருந்தது. எதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று செந்தமிழில் மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். தயா என்னை ஒரு தரம் பார்த்தான், வாங்கிக்கொண்டான்.

"வலப்புறத் தடுப்பாட்டக்காரரிடமிருந்து பந்து தற்போது நடுக்களத்தை நோக்கி..." அவன் வாக்கியத்தை முடிப்பதற்குள் பந்து வலைக்குள் போய்விட்டது. "இன்னா மாமு, நியூஸ் வாசிக்கிறியா?" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். கோல் போட்டது பதினோராம் நம்பர். தாளில் இருந்தபடி, "பதினோராம் எண் வீரர்" என்று படித்தான். வேலியோரம் நின்றிருந்த வசந்தாம்மா ஒலிபெருக்கியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடிந்ததும் அவர் நேராக வந்தார். "இன்னா தயா, எம்புள்ள கோலு போட்டான், எம் பேரு வரலியே?" நான் பக்கத்தில்தான் நின்றேன். தாள் தயாவின் கையில்தான் இருந்தது. அவன் அதை மடித்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "மறந்துட்டம்மா. வயசாவுது இல்ல" என்றான். நான்தான் எழுதினேன் என்று சொல்ல ஒரு நொடி போதும். நான் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

இந்த வருஷம் அவனுக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. மன்னிப்பு கேட்டுவிட வேண்டும் என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். போனில் ஏதோ பழைய ஆட்டத்தைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தான். நீ பேசு என்று சைகை காட்டினான். "இடப்புற வீரர் பந்தை..." என்று ஆரம்பித்தேன். சிரித்தான், சிரிப்பு இருமலானது. "வாணாம் வாத்தி, ஆள உடு" என்றான். அவன் மனைவி மேகலா தண்ணீர் எடுத்துவந்தார். மன்னிப்பு கேட்காமலேயே கிளம்பி வந்தேன். அதுதான் கடைசி.

மூலக்கொத்தளம் இடுகாட்டில் அவனை அடக்கம் செய்தோம். திரும்பி வரும்போது மேகலா வாசலில் ஒரு பூக்கடையருகே நின்றார். "இங்கதாண்ணா இவரு அம்மா மாலை கட்டிக்கினு இருந்தாங்க" என்றார். முப்பது வருஷம் ஊரிலுள்ள அம்மாக்களின் பெயரையெல்லாம் சொன்னானே, அவன் அம்மாவின் பெயர் எங்களில் ஒருவனுக்காவது தெரியுமா? அந்த அம்மா கையால் சாப்பிட்ட எனக்கே தெரியவில்லை. வெட்கத்தை விட்டு மேகலாவிடம் கேட்டேன்.

அடுத்த ஞாயிறு அவன் நினைவாக எம்.கே.பி. நகர் அணியும் எண்ணூர் அணியும் ஆடின. ரஹீம் மைக்கைத் தயாவின் நாற்காலியில் வைத்துவிட்டார். பத்து நிமிஷம் பந்து உதைபடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மைக்கை என் கையில் கொடுத்தார். சட்டைப்பையில் அழகான இரங்கலுரை ஒன்று வைத்திருந்தேன். அதை வெளியே எடுக்கவில்லை.

"தயாளன்" என்றேன். "மூலக்கொத்தளம் வாசல்ல மாலை கட்டின கன்னியம்மா புள்ள."

கூட்டம் எழுந்து நின்றது. நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று தொடர்ந்தேன். "தோ பதினொண்ணு, வசந்தா பையன். அன்னிக்கு ஃபைனல்ல இந்தப் பேரு வரல இல்ல? தயா மறக்கல. நான் எழுதிக் குடுத்த பேப்பர்ல இல்ல. என்னிய மன்னிச்சிக்கம்மா."

வேலியோரத்திலிருந்து வசந்தாம்மாவின் குரல் வந்தது. "எனக்குத் தெரியும் வாத்தியாரே! அத்தினி வருசம் மறக்காதவன் அன்னிக்கு மட்டும் மறந்துருவானா?"

அவன் எனக்காகச் சொன்ன பொய்யையும் அவன் அம்மாவின் பெயரையும் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அவனிடமிருந்து எனக்குக் கிடைத்தவை இவைதான். அன்று மைக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். ரஹீம் வாங்கவில்லை.

"இன்னா வாத்தி, பந்து ஓடிக்கினு கீது. பேசு" என்றார்.

பேசினேன்.