அப்பாவுக்குக் கேட்காத ஜால்ரா

மாமா எதை வாங்கினாலும் அப்பாதான் முதலில் பார்த்துச் சொல்ல வேண்டும். அக்காள் புருஷன் சரி என்று சொல்லாதவரை சட்டையைக்கூட மடிப்புக் கலைக்கமாட்டார். அந்த வழக்கப்படிதான், ரவாங் பட்டணத்துத் தொழிற்சாலையில் ஓவர்டைம் செய்து வாங்கிய ஆம்ப்ளிஃபயரைத் தன் பழைய காரில் பூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் வந்து நின்றார். அப்போது எனக்கு ஒன்பது வயது.

காரின் பின்னால் ஒரு பெரிய ஸ்பீக்கர், முன்னால் இரண்டு குட்டி ஸ்பீக்கர்கள். தடித்த சத்தம் பின்னால் போக வேண்டும், கூர்மையான சத்தம் முன்னால் வர வேண்டும். இரண்டையும் எந்த இடத்தில் பிரிப்பது என்பதற்கு ஒரு திருகு இருந்தது. அதற்குக் கிராஸ்ஓவர் என்று பெயராம். காதால் கேட்டுக் கேட்டுத்தான் திருக வேண்டுமாம். கேட்டுச் சொல்ல அப்பாவை முன்சீட்டில் மரியாதையாக உட்கார வைத்தார்.

பாட்டுக் கேசட் ஓடியது. பின்சீட்டில் இருந்த எனக்கும் அண்ணனுக்கும் ஜால்ரா கணீரென்று கேட்டது.

“ஜால்ரா எப்பிடி மச்சான்?”

“எங்க ஜால்ரா? குட்டி ஸ்பீக்கரு சும்மாதான் இருக்கு லா.”

மாமாவின் முகம் சுருங்கிப்போனது. இன்னும் கொஞ்சம் தடித்த சத்தமும் முன்னால் வரும்படி திருகினார். அப்பா உதட்டைப் பிதுக்கினார். மாமா மறுபடி திருகினார். நாங்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

“அப்பா, நல்லா கேக்குதுப்பா!” என்று கத்தினேன். அப்பா திரும்பவில்லை.

“போதும்பா,” என்றான் அண்ணன். அந்த வருடம்தான் அவனுக்குக் குரல் உடைந்து எருமைக்குரல் வந்திருந்தது. அப்பா உடனே திரும்பி, “என்னடா?” என்றார்.

வீட்டிலும் அப்படித்தான். அப்பாவுக்கு வேலை அலுப்பு என்பாள் அம்மா. மகளைவிட மகன்தான் அவருக்கு உசத்தி என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

மச்சான் காதில்தான் கோளாறு என்று நினைக்கவே மாமாவுக்குத் தெரியாது. கடைசிவரை திருகினார். “ஆங், இப்ப வந்துருச்சு!” என்று அப்பா தலையாட்டிய கையோடு குட்டி ஸ்பீக்கர்கள் இரண்டும் கரகரத்து, கருகல் நாற்றத்தோடு அடங்கின. தாங்க முடியாத தடித்த சத்தத்தை அவற்றின் தலையில் ஏற்றியிருந்தார். “கடைக்காரன் ஏமாத்திட்டான் மச்சான்,” என்றார் பாவம்.

அப்பா செம்பனை எண்ணெய் மில்லில் பாய்லர் பக்கம் வேலை பார்த்தவர். அந்த இரைச்சல் கூர்மையான சத்தங்களைத்தான் முதலில் தின்னும் என்று வெகுகாலம் கழித்து ஒரு டாக்டர் சொன்னார். பெண் குரல், பிள்ளைக் குரல், ஜால்ரா. அதற்குள் அப்பாவைக் கூப்பிடுவதையே நான் விட்டுப் பல வருடங்களாகியிருந்தன. சொல்ல வேண்டியதையெல்லாம் அம்மா வழியாகவே சொல்லி வளர்ந்துவிட்டேன்.

அன்று அந்தக் காரில் எனக்குத் தெரிந்ததெல்லாம், அண்ணன் கூப்பிட்டால் அப்பா திரும்புவார், நான் கூப்பிட்டால் திரும்பமாட்டார் என்பதுதான்.