ஏ இசட்டு நாலு நாலு ஏழு

பூந்தமல்லியில் ஷாகிதாவைத் தெரியாதவர்கள் இருக்கலாம், அவளுடைய லாரியைத் தெரியாதவர்கள் குறைவு. பச்சை நிறத்தில் பதினேழு அடி ஐச்சர். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முக்காடு போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் சிக்னலில் நிற்கிறவன் ஒன்றுக்கு இரண்டு முறை திரும்பிப் பார்க்கத்தானே செய்வான்? பார்த்துவிட்டுப் போகட்டும், பார்ப்பதற்குக் காசா பணமா என்பாள் ஷாகிதா.

வண்டியை வாங்கி ஓட்டியவன் அவள் கணவன் ஃபயாஸ். வருஷக்கணக்காக அவன் கையை விட்டு அது போனதில்லை. பிறகு சர்க்கரை கண்ணில் இறங்கியது. லைசென்ஸைப் புதுப்பிக்க முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். மனுஷன் வீட்டுக்குள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டான். சம்பளத்துக்கு டிரைவர் வைத்துப் பார்த்தார்கள். முதலில் வந்தவன் டீசலைக் குடித்தான், அடுத்து வந்தவன் தானே குடித்தான். ஷாகிதா அப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தாள். இவர்களை நம்பினால் வேலைக்கு ஆகாது என்று அவளே போய் ஹெவி லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வந்தாள். சொந்தக்காரர்கள் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஃபயாஸ் மறுநாள் காலையில் வண்டியைக் கழுவித் துடைத்தான், டயரில் காற்று பார்த்தான், இடது பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துகொண்டான். அன்றிலிருந்து அந்த வண்டிக்கு கிளீனர் அவன்தான். ஆனால் அந்தச் சொல்லை அவன் காதுபட யாரும் சொன்னதில்லை, அவனும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சரக்கு ஏற்றும் கம்பெனி வாசலில் வாட்ச்மேன் "வாங்க டிரைவரண்ணே" என்று அவனைத்தான் கூப்பிடுவார். அவனும் தலையாட்டுவான். ஷாகிதா வேறு பக்கம் பார்த்துக்கொள்வாள். அந்த மட்டும் மனுஷன் வீட்டை விட்டு வெளியே வந்தானே என்று அவளுக்கு நிம்மதி.

அம்பத்தூர் எஸ்டேட்டில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி ஒன்று. அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு தினமும் ஒரு லோடு போக வேண்டும். மேனேஜர் சரவணக்குமார் தயங்கித் தயங்கித்தான் ஒத்துக்கொண்டார். "ஒரு மாசம் பார்க்கலாம்மா. ஒரு நாள் லோடு லேட்டானாலும் நான் வேற வண்டியப் பார்த்துக்குவேன்."

இந்த ஓட்டம் நிலைத்தால் வண்டி கையில் நிற்கும். இல்லாவிட்டால் விற்றுவிடுவது என்று இருவரும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு முடிவு செய்திருந்தார்கள். குமணன்சாவடி தரகர் ஞானசேகரன் வாங்குகிற ஆளோடு காத்திருந்தார். மாசம் முடிகிற அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமைதான் விதி விளையாடியது.

சரக்கு எந்த வண்டியில் போகிறதோ அந்த வண்டியின் நம்பர், சரக்கோடு போகும் வரித்துறைச் சீட்டான இ-வே பில்லில் இருக்க வேண்டும். பில் போடுகிற பெண் கனிமொழி வேலைக்குப் புதிது, இந்த வண்டிக்கு அவள் பில் போடுவது அன்றுதான் முதல் முறை. திசையன்விளையிலிருந்து வந்து ஐயப்பன்தாங்கலில் தோழிகளோடு ஒரு ஃபிளாட்டில் இருந்தாள். காலையில் அவள் வண்டி நம்பர் கேட்டு போன் செய்தபோது ஷாகிதா ஓட்டிக்கொண்டிருந்தாள். ஃபயாஸ் எடுத்தான்.

"டீயென் பன்னெண்டு, ஏ இசட்டு நாலு நாலு ஏழும்மா."

சென்னைக்காரன் அவசரத்தில் பேசினால் எழுத்து எங்கே முழுசாக வருகிறது? இசட்டு என்பதில் பாதி தொண்டையிலேயே தங்கிவிட்டது. கனிமொழி காதில் விழுந்தது எட்டு. ஏ எட்டு நாலு நாலு ஏழு. ஓர் எழுத்து, நாலு எண், பார்க்கச் சரியான நம்பர் மாதிரியே இருந்தது, அப்படியே அடித்துவிட்டாள். ஷாகிதா எப்போதும் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் வாங்குவாள். அன்றைக்கு ஜும்மா தொழுகைக்கு முன்னால் சரக்கை இறக்கிவிட வேண்டும் என்ற அவசரம். டிரிப் ஷீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காகிதக் கட்டை ஃபயாஸிடம் கொடுத்தாள். அந்தப் பொடி எழுத்து அவன் கண்ணுக்குத் தெரியாது. தெரியவில்லை என்று சொல்லவும் மாட்டான், ரோஷக்காரன். "எல்லாம் கரீட்டா கீது" என்று பையில் வைத்துவிட்டான்.

வானகரம் தாண்டியதும் சர்வீஸ் ரோட்டில் வரித்துறை ஜீப் நின்றது. கையைக் காட்டி ஓரம் கட்டச் சொன்னார்கள். அதிகாரி ரவிச்சந்திரன் காகிதங்களை வாங்கிப் பார்த்தார். ஆர்.சி., எஃப்.சி., பெர்மிட், இன்சூரன்ஸ், எதிலும் குறையில்லை. இ-வே பில்லுக்கு வந்ததும் நிமிர்ந்து நம்பர் பலகையைப் பார்த்தார்.

"வண்டி ஏ இசட். பில்லுல ஏ எட்டு நாலு நாலு ஏழுன்னு இருக்கு. இது வேற வண்டியோட பில்லும்மா. ஒரே பில்ல வெச்சு ரெண்டு வண்டி ஓட்டுறீங்களா?"

ஷாகிதா எடைமேடை ரசீதை எடுத்து நீட்டினாள், அதில் நம்பர் சரியாக இருந்தது. "எடை போட்டதுக்கு இது சாட்சி. இந்த பில்லு இந்த வண்டிக்குத்தான்னு இதுல எங்கே இருக்கு?" என்றார் அவர். நியாயமான கேள்விதான். கம்பெனிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அவிய எட்டுன்னுதான் சார் சொன்னாவ," என்றாள் கனிமொழி, அழாத குறையாக.

"நான் எங்கம்மா எட்டுன்னேன்? இசட்டுன்னு கரீட்டா சொன்னேனே," என்றான் ஃபயாஸ்.

"இப்பவும் எட்டுன்னுதான சொல்லுதிய?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான். ரவிச்சந்திரன் தலையை ஆட்டினார். வண்டியை ஆபீசுக்குக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும், விசாரித்துத்தான் விடமுடியும் என்றார். திட்டவில்லை, மிரட்டவில்லை. அதுதான் ஷாகிதாவுக்கு இன்னும் பயமாக இருந்தது. கத்துகிறவரிடம் கெஞ்சலாம், சட்டத்தைச் சொல்கிறவரிடம் என்ன செய்வது? ஒரு மாச உழைப்பும் அந்த சர்வீஸ் ரோட்டிலேயே போய்விட்டது என்று நினைத்தாள். வண்டி போனால் மனுஷன் மறுபடியும் அந்தச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவானே.

ஜீப்புக்குள் இருந்தபடி உதவியாளர் ஒருவர் மெமோ எழுத ஆரம்பித்தார். லாரி ஜீப்புக்குப் பின்னால் நின்றதால் பலகை அவருக்குத் தெரியவில்லை. "வண்டி நம்பர் சொல்லுப்பா" என்றார் குனிந்த தலை நிமிராமல்.

"டீயென் பன்னெண்டு, ஏ இசட்டு நாலு நாலு ஏழு சார்," என்றான் ஃபயாஸ்.

எழுதி முடித்து நீட்டினார். கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்த ரவிச்சந்திரன் அப்படியே நின்றார். மெமோவைப் பார்த்தார், பில்லைப் பார்த்தார்.

"இன்னாய்யா எழுதியிருக்கே?"

"அவர் சொன்னததான் சார். ஏ எட்டு நாலு நாலு ஏழு."

அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டார் அதிகாரி. "அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. என் மெமோவுலயும் அதே எட்டுதான் வந்து உக்காந்துகினு கீது." ஆபீஸ் தமிழ் போய் அவருக்கும் ஊர்த் தமிழ் வந்துவிட்டது. ஃபயாஸின் வாய் கெடுத்ததை அவன் வாயே காப்பாற்றியது என்றுதான் சொல்ல வேண்டும்.

எழுத்துப் பிழை என்று தெளிவான பிறகு காரியம் மளமளவென்று நடந்தது. கனிமொழி கம்பெனியிலிருந்தே நம்பரைத் திருத்தினாள். பிழைக்கான சிறு அபராதத்தைக் கட்டச் சொல்லி ரசீது கொடுத்தார்கள். கடைசியில் வாக்குமூலத் தாளையும் பேனாவையும் ரவிச்சந்திரன் ஃபயாஸிடம் நீட்டினார்.

"டிரைவர் கையெழுத்து இங்க போடுப்பா."

பழக்கதோஷம், ஃபயாஸ் பேனாவை வாங்கிவிட்டான். தாளையும் ஜன்னல் கண்ணாடி மேல் வைத்துவிட்டான். பிறகு கை நின்றது. திரும்பி ஷாகிதாவிடம் பேனாவை நீட்டினான்.

"டிரைவரு இவங்கதான் சார். நான் கிளீனரு."

ஷாகிதாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்க நினைக்கவும் இல்லை. தாளை வாங்கி, தன் பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ரவிச்சந்திரன் இருவரையும் பார்த்துவிட்டு, "பார்த்துப் போங்கம்மா" என்று வழிவிட்டார்.

சரக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஃபயாஸ் பக்கத்துப் பள்ளிவாசலில் ஜும்மா தொழுதுவிட்டு வந்தான். திரும்பும் வழியில் சரவணக்குமார் பேசினார். விஷயத்தைக் கனிமொழி சொல்லிவிட்டிருந்தாள். "செக்கிங்ல மாட்டியும் லோடு கரெக்டா போயிடுச்சேம்மா. திங்கட்கிழமையிலிருந்து ரெகுலரா வெச்சுக்கலாம்" என்றார்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் ஷாகிதா. "மச்சான், இனிமே நம்பர் கேட்டா போட்டோ புடிச்சு அனுப்பிடு. வாயத் தொறக்காத."

"இந்த வாய் இல்லன்னா இன்னிக்கு நீ ஆபீஸ் வாசல்ல நின்னுகினு இருப்ப" என்றான் அவன். இருவரும் சிரித்தார்கள். அந்த வண்டிக்குள் அப்படி ஒரு சிரிப்பு கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது.

நசரத்பேட்டை வந்தபோது ஃபயாஸின் போன் அடித்தது. தரகர் ஞானசேகரன். "இன்னா பாய், பார்ட்டி ரெடியா கீறாரு. வண்டியப் பார்க்க இட்டுனு வரட்டா?"

"என்னாண்ட கேட்டா? டிரைவரம்மாவாண்ட கேளு மாமே" என்று சொல்லி, போனை ஷாகிதாவின் பக்கமாகப் பிடித்துக்கொண்டான் ஃபயாஸ்.

"விக்கிறதுக்கு இல்லண்ணே" என்றாள் ஷாகிதா. "வண்டி ஓடிகினு கீது."