இருபது நிமிடத் தவறு

1. முதல் நாள்

"எக்கா, வரிக்கு வரி காப்பியடிக்கிறவன மெஷினே புடிச்சிரும். சட்டைய மாத்திப் போட்டுட்டு வாரான் பாருங்க, அவனத்தான் நீங்க புடிக்கணும்."

முதல் நாள் முத்துராஜ் எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் இவ்வளவுதான். அவர் எங்கள் டீம் லீடர். ஏரல்காரர், என்னைவிட இருபது வயது இளையவர். தூத்துக்குடியில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். வெளிநாட்டு கிரிப்டோ ஃபோரம் ஒன்றின் மாடரேஷனை, அதாவது பதிவுகளைக் கண்காணிக்கும் வேலையை, கான்ட்ராக்டில் எடுத்திருந்தார்கள். பிட்காயின் போன்றவற்றைப் பற்றிப் பல நாட்டுக்காரர்கள் எழுதி வாதாடும் வலைத்தளம் அது. தன் பதிவுக்குக் கீழே ஒரு விளம்பர வரியைப் போட்டுக்கொண்டால், பதிவுக்கு இவ்வளவு என்று சில கம்பெனிகள் காசு கொடுத்தன. எழுத ஒன்றும் இல்லாதவர்களும் எழுத ஆரம்பித்தது அதனால்தான். யாரோ எழுதிய பழைய பதிவை எடுத்து, சொற்களை மாற்றித் தரும் மென்பொருளில் போட்டு, தன் பெயரில் ஒட்டிவிடுவார்கள்.

அதற்கு முன்பு நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் டாக்குமென்ட் கிளார்க். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பதுதான் பிழைப்பு. எல்லாம் ஆன்லைன் ஆனதும் ஒரு சால்வையைப் போர்த்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். நாசரேத் மிஷன் பள்ளியில் படித்த இங்கிலீஷ் மட்டும் கையில் இருந்தது. ஐம்பத்தைந்து வயதில் பிட்காயின் என்றால் என்ன என்று நோட்டுப் போட்டு எழுதிப் படித்தேன்.

பழைய தொழில் இங்கே கைகொடுத்தது. சரியாக எழுதுகிறவர்கள் ஆயிரம் பேர் ஒரே மாதிரி எழுதலாம். எட்டும் ஏழும் பதினைந்து என்று ஊரே எழுதும். பதினாறு என்று இரண்டு பேர் எழுதினால், ஒருவர் மற்றவரைப் பார்த்து எழுதியிருக்கிறார். சொல்லை மாற்றுகிறவனுக்குத் தவறை மாற்றத் தெரியாது, அது தவறு என்பதே அவனுக்குத் தெரியாதே! இதைச் சொன்னபோது இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் எல்லாம் என் மேசையைச் சுற்றி நின்று கேட்டார்கள். எனக்குத் தலைக்கனம் ஏறியது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை, நன்றாகவே ஏறியது.

2. எஸ்டி61

எஸ்டி61 என்ற பெயரில் எழுதுகிறவரின் ஃபைல் ஒருநாள் என் திரைக்கு வந்தது. கிரிப்டோ வாங்கி விற்பதாகச் சொல்லும் போலி எக்ஸ்சேஞ்ச் ஒன்றில் தான் ஏமாந்த கதையை அவர் இங்கிலீஷில் எழுதியிருந்தார். திரையில் பணம் பெருகிக்கொண்டே போகும், எடுக்கப் போனால் முதலில் வரி கட்டு என்பார்கள், கட்டினால் இன்னொரு வரி கேட்பார்கள். இதே கதையை ஒரு வருடத்துக்கு முன்பே இன்னோர் ஆள் போட்டிருப்பதாக மெஷின் காட்டியது. சொற்கள் வேறு, வரிசை ஒன்றுதான்.

இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தேன். பிட்காயின் கணக்கில் ஒரு பிளாக், அதாவது பரிமாற்றங்களின் ஒரு கட்டு, சேர இருபது நிமிடம் ஆகும் என்று இரண்டு பேரும் எழுதியிருந்தார்கள். சராசரியாகப் பத்து நிமிடம் என்பது அந்த ஃபோரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது.

இன்னொன்றும் கவனித்தேன். திரையில் தெரியும் தொகை ஸ்டாக் ரெஜிஸ்டர் மாதிரி, கோடவுனைத் திறந்து பெட்டியை எண்ணினால்தான் சரக்கு இருக்கிறதா என்று தெரியும் என்று எஸ்டி61 எழுதியிருந்தார். பெட்டியைச் சுற்றிய பட்டை அறுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அடியில் ஈரம் இருக்கிறதா என்று தடவ வேண்டும் என்றெல்லாம் இருந்தது. முந்தைய பதிவில் 'ஒரு பெரிய அறையில் உள்ள பொருள்களைப் போல' என்பதோடு சரி. திருடியது தெரியாமல் இருக்க இந்த ஆள் மசாலா சேர்த்திருக்கிறான் என்று நினைத்தேன். துறைமுகத்தில் கோடவுன் கோடவுனாக ஏறி இறங்கியவள், பெட்டியின் அடியைத் தடவிப் பார்த்தவள், நான் அப்படி நினைத்தேன்.

தமிழ்ப் பிரிவில் அவருக்கு நாற்பதுக்கு மேல் பதிவுகள் என்று திரையின் ஓரத்தில் ஓர் எண் இருந்தது. எங்கள் மெஷின் இங்கிலீஷை மட்டும்தான் ஒப்பிடும். மற்ற மொழிகளைப் பார்க்கச் சொல்லி எங்களுக்கு உத்தரவும் இல்லை. திறந்து பார்க்க ஒரு நிமிடம் போதும். நான் திறக்கவில்லை.

'இரண்டிலும் ஒரே தவறு. முந்தைய தேதியே மூலம்.' இதுதான் நான் எழுதிய தீர்ப்பு. ஃபோரத்தில் எல்லோரும் பார்க்கும்படி அவர் பெயருக்குக் கீழே சிவப்பில் விழுந்தது. நிரந்தரத் தடை என்றால் அந்த ஆள் எழுதியது அனைத்தையும் அழிக்க வேண்டும் என்பது விதி. அதற்கு ஒரு பட்டன் உண்டு. அழுத்தினேன்.

"எக்கா, இந்த மாசமும் நீங்கதான் டாப்பு," என்றார் முத்துராஜ். அன்றைக்கு எல்லோருக்கும் நான் மக்ரூன் வாங்கிக் கொடுத்தேன்.

3. அப்பீல்

இரண்டு வாரம் கழித்து முத்துராஜ் ஒரு அப்பீலை எனக்கு அனுப்பினார். "தமிழ்ல எழுதியிருக்காரு எக்கா. உங்க கேஸ்தான். ஆளும் நம்ம பக்கந்தான், காயல்பட்டினம்."

அதில் இப்படி இருந்தது: 'என் பெயர் சதக்கத்துல்லா. வளைகுடாவில் இருபத்தாறு வருடம் ஸ்டோர்கீப்பர். நான் களவாணி இல்லை. இந்தக் கதையை மூன்று வருடம் முன்பு உங்கள் தமிழ்ப் பிரிவில் நான்தான் எழுதினேன். அதை யாரோ இங்கிலீஷ் ஆக்கிப் போட்டது எனக்குத் தெரியாது. வெளிநாட்டில் நம் பிள்ளைகளோடு வேலை பார்க்கும் மற்ற நாட்டுக்காரர்களும் படிக்கட்டும் என்று, மகளிடம் கேட்டுக் கேட்டு நானும் இங்கிலீஷில் எழுதினேன். தயவுசெய்து தமிழில் உள்ள தேதியைப் பாருங்கள்.'

தேதியைப் பார்க்க அந்தப் பக்கத்துக்குப் போனேன். இந்தப் பதிவு அழிக்கப்பட்டது என்று வந்தது. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். எல்லாமே அப்படித்தான். அவர் தொடங்கிய உரையாடல் திரிகள் என்பதால், அவற்றின் கீழே மற்றவர்கள் எழுதிய பதில்களும் சேர்ந்து போயிருந்தன. வலைத்தளங்களின் பழைய நகல்களைச் சேர்த்து வைக்கும் இடங்களில் தேடினேன். இங்கிலீஷ் பக்கங்கள் இருந்தன. தமிழ்ப் பக்கத்தை யாரும் எடுத்து வைக்கவில்லை.

முத்துராஜ் தலைமையகத்துக்கு எழுதினார். அழித்தது அழித்ததுதான், ஆதாரம் இல்லாததால் அப்பீல் நிராகரிக்கப்பட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

"சரி, முந்தி எழுதினானே அந்த ஆளு, அவன் மேல கேஸ் போடுங்க," என்றேன்.

"என்ன சொல்லுதிய எக்கா? எதப் பாத்துக் காப்பியடிச்சான்னு காட்டணும்லா? காட்டுததுக்கு என்ன இருக்கு இங்கன?"

அவர் மேல் கோபப்பட்டு என்ன செய்ய? கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

4. காயல்பட்டினம்

அப்பீல் போட்டவரோடு பேசக் கூடாது என்று கையெழுத்துப் போட்டுத்தான் வேலையில் சேர்ந்தோம். அப்பீலில் இருந்த முகவரியைக் குறித்துக்கொண்டு சனிக்கிழமை திருச்செந்தூர் பஸ் ஏறிப் போய்விட்டேன்.

சதக்கத்துல்லா அண்ணாச்சி என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் எனக்கும் பாரம் இறங்கும் என்று. அவர் மகள் ஆயிஷாவிடம் டீ போடச் சொன்னார். தன் கதையில் எழுதாததை எனக்குச் சொன்னார்.

"எங் காசு போனது போவட்டும் தங்கச்சி. எம் பொஞ்சாதிக்கு ஒரே தம்பி, ஜெய்லானி. அவனையும் நாந்தான் இதுல சேத்துவிட்டேன். நாஞ் சொன்னத நம்பித்தான் போட்டான். கடை வெக்கச் சேத்துவெச்ச மொத்தமும் போயிட்டு. அதுலருந்து இந்த வாசல் மிதிக்கல. ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கான்."

ஒரு பள்ளிக்கூட நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். அவர் எழுதியதைப் படித்துவிட்டு, பணம் போடாமல் தப்பித்தோம் என்று பதில் எழுதியவர்களின் பெயர்கள். இருபத்தேழு பெயர்கள் இருந்தன.

ஆயிஷா சொன்னாள்: "இப்ப முடிஞ்ச நோன்புல மாமாவும் வாப்பா எழுதினதப் படிச்சிருக்காங்க. பெருநாளைக்கு வீட்டுக்கு வாரேன்னு சொல்லிவிட்டாங்க. உம்மா வீடெல்லாம் கழுவிப் போட்டாங்க. அதுக்குள்ள யாரோ அந்தச் சிவப்பு எழுத்த படம் புடிச்சு சொந்தக்காரங்க குரூப்புல போட்டுட்டாங்க. மாமா வரல, வாப்பா ஏமாந்ததா எழுதினதே அடுத்தவன் கதைன்னு நெனச்சிட்டாங்க."

நான் எழுந்துவிட்டேன். ஜெய்லானியிடம் நானே போய்ச் சொல்கிறேன் என்றேன். அண்ணாச்சி தடுக்கவில்லை. அவர் முகத்தில் சட்டென்று ஒரு நம்பிக்கை வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தாங்கவில்லை.

ஜெய்லானி ஓர் அத்தர் கடையில் சம்பளத்துக்கு இருந்தார். மரியாதையான மனிதர். நாற்காலி எடுத்துப் போட்டு, "உக்காருங்கோ" என்றார். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு போனை எடுத்துக் காட்டினார்.

"இது நீங்க எழுதினதா?"

"ஆமா."

"'இரண்டிலும் ஒரே தவறு. முந்தைய தேதியே மூலம்.' நல்லா விளங்குறாப்புலதானே எழுதியிருக்கீங்க?"

"நான் எழுதினது தப்பு தம்பி. அவர் அதுக்கும் முந்தியே தமிழ்ல எழுதிட்டாரு."

"தமிழ்ல நானும் படிச்சேன். எப்ப எழுதினதுன்னு பாக்கல. படிச்சிட்டு அழுதேன். அதுல தேதி என்ன? காட்டுங்கோ."

"இல்ல. அழிஞ்சு போச்சு."

"யாரு அழிச்சா?"

"நான்தான்."

அவர் கண்ணாடிக் குப்பி ஒன்றைத் துடைத்து அலமாரியில் வைத்தார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்கோ. எங்க காசு போறப்பவும் இப்படித்தான், கம்பெனியில இருந்து பேசுறேன்னு ஒரு அம்மா தன்மையாப் பேசினாங்க. மச்சான்தான் அவங்ககிட்ட பேசச் சொல்லி போனக் கொடுத்தாரு. இப்பவும் அவருக்காக ஒரு அம்மா வந்து தன்மையாப் பேசுறீங்க. நான் என்னத்த நம்ப?"

அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். எழுந்து வந்துவிட்டேன்.

திரும்பி வந்து அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அதுவரை என் முன்னால் வராமலே இருந்த அவர் மனைவி கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

"எந் தம்பிய பாத்தீங்களா? எப்படி இருக்கான்? மெலிஞ்சிருக்கானா?"

"நல்லா இருக்காங்கம்மா," என்றேன். மெலிந்துதான் இருந்தார்.

கிளம்பும்போது, மறுபடியும் எழுதுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அந்த ஃபோரத்தில் வேறு பெயரில் அவர் தன் கதையை எழுதினாலும் மெஷின் பிடிக்கும். அந்தத் திருடனைப் பார்த்து எழுதியதாகத்தான் காட்டும். ஃபைல் என் மேசைக்கே வந்தாலும் வரும்.

5. கற்றது

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இப்போது நான்தான் பாடம் எடுக்கிறேன். ஒரே தவறு இரண்டு இடத்தில் இருந்தால் ஒன்று நகல் என்பது மட்டும்தான் நிச்சயம், எது நகல் என்று அந்தத் தவறு சொல்லாது என்கிறேன். உங்கள் கண்ணில் பட்ட முதல் தேதி உலகத்தின் முதல் தேதி ஆகிவிடாது என்கிறேன். நகல் எடுக்கிறவன் கையில் கோடவுன் பெரிய அறையாகும், பட்டையும் ஈரமும் காணாமல் போகும், அப்படிப்பட்ட விவரம் எதில் இருக்கிறதோ அதை எழுதியவரை முதலில் விசாரியுங்கள் என்கிறேன். அவர் வேறு எந்த மொழியில் எழுதியிருந்தாலும், உத்தரவு இல்லாவிட்டாலும், திறந்து படியுங்கள். படிக்காமல் அந்தப் பட்டனில் கை வைக்காதீர்கள்.

பிள்ளைகள் குறித்துக்கொள்கிறார்கள். போன வாரம் ஒரு பெண் கை தூக்கி, "மேடம், அந்தக் கேஸ் கடைசியில என்னாச்சு?" என்று கேட்டாள். திருடியவனின் பதிவு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது என்றேன். அதன் கீழே புதிதாக ஒருவர், உங்கள் புண்ணியத்தில் என் சேமிப்பு தப்பியது என்று அவனுக்கு நன்றி எழுதியிருக்கிறார். அந்தப் பெயரைச் சதக்கத்துல்லா அண்ணாச்சிக்குப் போனில் படித்துக் காட்டினேன். நோட்டில் எழுதிக்கொள்ளவா என்று கேட்டார். எழுதிக்கொள்ளுங்கள் அண்ணாச்சி என்றேன்.