பெரியப்பாவின் ஏழு நிமிடம்

பெரியப்பாவின் கைமணிக்கூடு நாளொன்றுக்கு ஏழு நிமிடம் முந்தி ஓடியது. அந்த ஏழில் மூன்று என்னுடைய கைவேலை. இதைச் சொல்ல எனக்கு இப்போது வெட்கமில்லை. உண்மையைச் சொன்னால் அப்போதும் இருக்கவில்லை. எனக்குப் பத்து வயது. திருகோணமலைக் கடற்கரையில் மட்டையும் பந்துமாக எல்லே விளையாடுவதற்கு மாலை வெளிச்சம் போதாமல் இருந்த காலம்.

பெரியப்பா என் அம்மாவின் மூத்த அக்காவைக் கட்டியவர், கணக்கு மாஸ்ரர். பள்ளிக்கூடம் அவரை ஓய்வு பெறச் சொல்லி அனுப்பிய பிறகும் கணக்கை விடாமல் வீட்டு விறாந்தையில் ரியூசன் நடத்தினார். எங்கள் வீடும் அவருடைய வீடும் ஒரே வளவுக்குள் இருந்ததால் காய்ச்சல், தலையிடி என்று நான் சொல்லும் சாட்டு எதுவும் அவரிடம் எடுபடாது. வகுப்புத் தொடங்குவதற்கு நேரம் கிடையாது; கிண்ணியா பஸ்ஸில் வரும் பிள்ளைகள் வந்து இறங்கினால் தொடக்கம். முடிவதற்கு மட்டும் நேரம் உண்டு. பெரியப்பாவின் மணிக்கூட்டில் ஐந்தே முக்கால் ஆக வேண்டும். அதற்கு ஒரு நிமிடம் முன்னால் தெருவில் திரியும் மான்கள் படலையைத் தள்ளிக்கொண்டு வந்து வினாத்தாள்களைத் தின்றாலும் அவர் சோக்கட்டியைக் கீழே வைக்கமாட்டார். மான்கள் வந்ததும் உண்டு, தின்றதும் உண்டு.

அது சாவி கொடுத்து ஓடுகிற பழைய மணிக்கூடு. கலியாணத்துக்குப் பெரியம்மா வீட்டார் போட்டது. சுவரில் மணிக்கூடு மாட்டுவதையும் கைத்தொலைபேசியில் நேரம் பார்ப்பதையும் பெரியப்பா சோம்பேறிகளின் பழக்கம் என்று தள்ளி வைத்திருந்தார். அவர் நம்பியது ஒன்றே ஒன்றைத்தான். ஆறு மணி வானொலிச் செய்திக்கு முன்னால் வரும் பீப் ஒலி. தினமும் கடைசிப் பீப்புக்கு மணிக்கூட்டைப் பார்ப்பார், பல்லைக் கடிப்பார், முள்ளைத் திருப்பிச் சரியாக்குவார்.

மத்தியானம் கிணற்றடிக்குக் குளிக்கப் போகும்போது ஒருமுறையும், சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும்போது இன்னொரு முறையும் அதைக் கழற்றி மேசை லாச்சிக்குள் வைப்பது அவர் வழக்கம். அவர் குறட்டை விடத் தொடங்கியதும், கரும்பலகை துடைக்கிற சாட்டில் நான் உள்ளே போவேன். லாச்சியைத் திறந்து, சாவி கொடுக்கும் குமிழை நகத்தால் வெளியே இழுத்து, நீள முள்ளை மூன்று புள்ளி அளவு முன்னுக்குத் தள்ளிவிட்டுக் குமிழை அமத்தி வைத்துவிட்டு வருவேன். மூன்றுக்கு மேல் ஒருநாளும் ஆசைப்படவில்லை. களவிலும் நான் அளவு பார்க்கிற பிள்ளை.

ஆனால் ஆறு மணிக்கு விறாந்தையிலிருந்து வந்த சத்தம் எப்போதும் ஏழைத்தான் சொன்னது.

“ஏழு நிமிசம்! பிள்ளையளின்ர ஏழு நிமிசத்தை இந்தச் சனியன் தின்னுது!”

மூன்று எப்படி ஏழானது என்று நான் யோசிக்காமல் இல்லை. இறக்கத்தில் சைக்கிளைத் தள்ளிவிட்டால் தள்ளிய இடத்திலேயா நிற்கிறது? மணிக்கூடும் அப்படித்தான் என்று முடிவு செய்து நிம்மதியாக விளையாடப் போனேன்.

இதற்குள் வந்து மாட்டிக்கொண்டவர் சித்தி.

சித்தி, அம்மாவின் தங்கை. கொழும்பில் ஒரு மணிக்கூட்டுக் கடையின் திருத்தும் அறையில் ஆறு வருடம் இருந்துவிட்டு, இனிச் சொந்தமாகச் செய்வேன் என்று ஊருக்கு வந்திருந்தார். எங்கள் குசினி மேசைதான் அவருடைய தொழிற்சாலை. வலது கண்ணில் கறுப்பு உருப்பெருக்கிக் கண்ணாடியை இடுக்கிக்கொண்டு குனிந்தாரென்றால் கூப்பிட்டாலும் கேட்காது. துறைமுகத்தில் வேலை செய்யும் பெடியன்கள் உப்புத்தண்ணீர் குடித்த மணிக்கூடுகளைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். உயிர் கொடுத்தால் மட்டும் போதாது, கோலமும் மாற்ற வேண்டும் என்பார்கள். சித்தி வெள்ளை முகத்தைக் கழற்றிக் கறுப்பு முகம் போடுவார், இருட்டில் பச்சையாக ஒளிரும் முட்கள் வைப்பார், உள்ளே சில்லு ஆடுவது தெரியட்டும் என்று முதுகுக்குக் கண்ணாடி மூடி பூட்டுவார். இவ்வளவும் புட்டு ஆவிக்கும் தாளிக்கிற புகைக்கும் நடுவில். ஒருமுறை கடுகிலும் சின்ன ஆணி ஒன்று துள்ளிப் பருப்புக்குள் விழுந்துவிட்டது. அன்றைக்கு நாங்கள் பருப்புக்கறி சாப்பிடவில்லை, பருப்பைச் சலித்துக்கொண்டிருந்தோம்.

சித்திக்குத் தேவை கதவை இழுத்துச் சாத்தக்கூடிய, தூசி வராத ஓர் அறை. பெரியப்பா வீட்டில் தெருவைப் பார்த்தபடி அப்படி ஒரு முன் அறை இருந்தது. இருபது வருட வினாத்தாள்கள் அதில் குடியிருந்தன. அந்த வீடு பெரியம்மாவின் சீதன வீடு. ஆனால் எந்த அறையில் எது இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பவர் பெரியப்பா. இந்த ஏற்பாட்டில் உள்ள விசித்திரம் அந்த வளவில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. கொழும்புக் கடையில் வேறு, மாத முடிவுக்குள் திரும்பி வந்தால் பழைய வேலையைத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அறை கிடைக்காவிட்டால் சித்தி போய்விடுவார். என்னோடு ஒரே கட்டிலில் படுத்துக் கதை சொல்லும் சித்தி போய்விடுவார் என்பதை நினைக்க எனக்கு அழுகை வந்தது.

“அத்தான், அந்த முன் அறையைத் தாங்கோ. குசினிக்குள்ள இருந்து இந்த வேலை செய்ய ஏலாது” என்று சித்தி கேட்டார்.

பெரியப்பா மணிக்கூடு கட்டிய கையை நீட்டினார். “முதல்ல இதைத் திருத்து, பிள்ளை. அரை நிமிசத்துக்குள்ள ஓட வைச்சிட்டியெண்டால் அறை உனக்கு. இல்லாட்டிக் கொழும்பு பஸ் இருக்குத்தானே.”

சித்தி மணிக்கூட்டை ஒன்றொன்றாகக் கழற்றிப் பெற்றோலில் குளிப்பாட்டி, ஊசி முனையால் எண்ணெய் வைத்து, திரும்பப் பூட்டினார். கைத்தொலைபேசியைப் பக்கத்தில் வைத்தார். அதில் ஒரு செயலி மணிக்கூட்டின் துடிப்பைக் கேட்டுக் கோடு கீறியது. கோடு நேராகப் போனது.

“ஒரு நாளைக்கு நாலு செக்கன்தான் முந்தும், அத்தான்.”

“போன் சொல்றதை நான் நம்பமாட்டன். ரேடியோ சொல்லட்டும்.”

ரேடியோ ஏழு நிமிடம் என்றது.

அப்படியென்றால் நீ ஏன் திருப்புவதை நிறுத்தவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். நல்ல மணிக்கூட்டுக்கு நேரம் தெரியும் என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன். சரியாகத் திருத்திய மணிக்கூடு, யாராவது தள்ளிவிட்டாலும், வழி தெரிந்த மாடு போலத் தன் நேரத்துக்குத் திரும்பி வந்துவிடும். என் மூன்று நிமிடத்தையே தாங்காத மணிக்கூட்டைச் சித்தி என்ன திருத்தினார்? சித்தியில் எனக்கு மனத்தாங்கலே வந்தது. அவர் நன்றாகத் திருத்திவிட்டாரா என்று பார்ப்பதற்காகவும் நான் தினமும் திருப்பினேன்.

இரண்டாம் முறை சித்தி ரோசத்தோடு இறங்கினார். உள்ளே ஆடும் சில்லுக்கு மேலே, வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னக் கை இருக்கிறது. அதைத் தாமதப் பக்கமாக இழுக்கக்கூடிய மட்டும் இழுத்து வைத்தார். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் மணிக்கூடு இரண்டே நிமிடம்தான் முந்தியது. பெரியப்பாவின் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று தெரிந்தது. நானும் பெருமைப்பட்டேன், வந்த வழியைப் பாதியாவது மணிக்கூடு கண்டுபிடித்துவிட்டதே!

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு அது ஐந்து நிமிடம் பிந்தி நின்றது.

“முந்தி ஓடினதைப் பிந்தி ஓட வைச்சதுக்குப் பேர் திருத்திறதோ?” பெரியப்பாவின் குரல் கடற்கரை வரை கேட்டிருக்கும். “போதும் பிள்ளை. பெட்டியைக் கட்டு.”

சித்தி அழவில்லை. மணிக்கூட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“மணிக்கூட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது, அத்தான்.”

ஞாயிறு மட்டும் ரியூசன் இல்லை. ஞாயிறு மட்டும் நான் கரும்பலகை துடைக்கப் போவதில்லை.

“இன்னும் ஒரே ஒருநாள் தாங்கோ” என்று சித்தி கேட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை ஆறு மணிக்குச் சற்று முன்னால், சின்னக் கையைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டு, மணிக்கூட்டின் முதுகைத் திறந்தபடி வானொலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆடும் சில்லை மெல்லிய தூரிகையின் ஒரு மயிரால் தொட்டு நிறுத்தினார். செக்கன் முள்ளும் நிமிட முள்ளும் உச்சியில் சேர்ந்து நின்றன. கடைசிப் பீப்பில் தூரிகையை எடுத்தார். சில்லு துள்ளிக்கொண்டு ஓடியது.

“அத்தான், சாவி குடுங்கோ, ஆனால் குமிழை வெளியில இழுக்கக் கூடாது. நாளைக்கு ரேடியோ சொல்லுமட்டும் நீங்கள் முள்ளைத் தொடமாட்டியள்தானே?”

“தொடமாட்டன்” என்றார் பெரியப்பா. அவர் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான்.

மறுநாள் நான் தொட்டேன். பயம் இருந்தது, ஆனால் மூன்றாம் முறை திருத்திய மணிக்கூடு கட்டாயம் வழி கண்டுபிடிக்கும் என்ற நம்பிக்கை பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

அன்று வகுப்பு முடிந்தும் பெரியப்பா ஒருவரையும் போகவிடவில்லை. இருபது பிள்ளைகள், அம்மா, மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டார் என்று எல்லோரும் பார்த்திருக்கப் பீப் ஒலித்தது. பெரியப்பா குனிந்து பார்த்தார்.

“ஏழு நிமிசம்” என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

“செக்கன் முள் எங்க நிக்குது?” என்று கேட்டார் சித்தி.

பெரியப்பா மறுபடி குனிந்தார். “உச்சியில. நாலு செக்கன் முன்னுக்கு.”

“அது உச்சிக்கு வரேக்க நிமிச முள் எங்க நிக்குது எண்டு இந்தக் கண்ணாடியால பாருங்கோ.”

பெரியப்பா கறுப்புக் கண்ணாடியைக் கண்ணில் இடுக்கி ஒரு சுற்று முடியும்வரை காத்திருந்தார். “ஏழாம் புள்ளிக்கும் எட்டாம் புள்ளிக்கும் நடுவில.”

“நேற்று ரெண்டையும் ஒண்டா உச்சியில வைச்சனான். சில்லுகள் ஒண்டையொண்டு பிடிச்சுக்கொண்டுதான் ஓடும். தானா ஓடி முந்தியிருந்தால், செக்கன் முள் உச்சிக்கு வரேக்க நிமிச முள் ஒரு புள்ளிக்கு மேல வடிவா நிக்கோணும். நடுவில நிக்க ஏலாது. குமிழைப் பிடிச்சுத் திருப்பினால் மட்டும்தான் நிமிச முள் தனியாப் போகும், செக்கன் முள் அசையாது. உங்கட மணிக்கூடு ஒரு நாளைக்கு நாலு செக்கன்தான் முந்துது, அத்தான். மிச்சத்தை ஆரோ கையால குடுக்கினம்.”

கணக்கு மாஸ்ரரிடம் கண்ணீர் செல்லாது. ஆனால் நிறுவிக் காட்டினால் அவர் தலைவணங்குவார். பெரியப்பா எழுந்துபோய்ச் சோக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் ஒரு வட்டம் கீறினார், இரண்டு முட்கள் கீறினார், சித்தி சொன்னதை முதலிலிருந்து வரி வரியாக எழுதினார். அடியில் பெரிய எழுத்தில் ‘எனவே நிறுவப்பட்டது’ என்று எழுதிக் கோடிட்டார். பிள்ளைகள் கை தட்டினார்கள். கிண்ணியாப் பெடியன் ஒருவன் விசிலடித்தான். அம்மா சித்தியைக் கட்டிப்பிடித்து அழுதார். எனக்கு வந்த சந்தோசத்தில் நானும் துள்ளித் துள்ளிக் கை தட்டினேன், குற்றவாளி நான் என்பது நினைவுக்கு வரும்வரை.

“அறை உனக்கு, பிள்ளை” என்ற பெரியப்பா எங்கள் பக்கம் திரும்பினார். “இனிச் சொல்லுங்கோ. ஆர் திருப்பினது?”

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான் பின்வரிசைக்கு நகர்ந்தேன்.

“நான்தான் திருப்பினனான்” என்றது ஒரு குரல். குசினி வாசலில், ஈரக் கையைச் சீலையில் துடைத்தபடி பெரியம்மா நின்றார்.

பெரியப்பாவுக்கு நம்பமுடியவில்லை. “நீரோ? எத்தினை நிமிசம்?”

“நாலு.”

“ஏழெல்லோ நிக்குது?”

பெரியம்மா எங்கள் எல்லோருடைய தலைக்கு மேலாகவும் பார்வையை ஓட்டினார். அது என்னிடம் வந்து நின்றது. நான் என்ன முகத்தோடு நின்றேனோ தெரியாது.

“ஓம், ஏழுதான்” என்றார் பெரியம்மா. “கண்ணாடி போடாமல் வடிவாத் தெரியேல்லை.”

“ஏன் திருப்பினீர்?”

“தேத்தண்ணி ஆறிப்போகுது” என்று சொல்லிவிட்டு அவர் குசினிக்குள் போய்விட்டார். பெரியப்பா கொஞ்ச நேரம் அந்த வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தக் கிழமையே வினாத்தாள்களைப் பெரியப்பா தன் கையாலேயே தூக்கி வெளியேற்றினார். முன் அறைக்கு வெள்ளை அடித்தோம். கண்ணாடிக் கதவு வந்தது, சித்தியின் பெயர்ப்பலகை ஏறியது. முதல் நாளே கந்தளாயிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். கரும்பலகைக் கதை பஸ் ஏறி ஊரெல்லாம் போயிருந்தது. சித்தி இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார், இரண்டு பெண்பிள்ளைகளை வேலைக்கு வைத்துக்கொண்டு.

நானோ பெரியம்மாவின் அடிமையானேன். எனக்காக எல்லோர் முன்னாலும் பொய் சொன்னவர் அல்லவா? தேங்காய் துருவினேன், தண்ணீர் அள்ளினேன். உள்ளுக்குள் சிரித்தும் கொண்டேன்: பாவம், பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாமல் முதலில் நாலு என்று உளறிவிட்டாரே! அவர் சொன்னதில் நாலு உண்மை, ஏழுதான் பொய் என்று கண்டுபிடிக்க எனக்குப் பல வருடம் எடுத்தது. மூன்றையும் நாலையும் கூட்டத் தெரியாமல்தான் அத்தனை நாள் கணக்கு ரியூசனுக்குப் போயிருக்கிறேன்.

வகுப்பு முடிந்ததிலிருந்து ஆறு மணிச் செய்தி தொடங்கும்வரை உள்ள கால் மணி நேரத்தில்தான் பெரியப்பா தேத்தண்ணி குடிக்கப் பெரியம்மாவிடம் வருவார். செய்தி முடிந்தால் அவர் வினாத்தாள்களுக்குச் சொந்தம்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஒரு புதுமை நடந்தது. பிள்ளைகளின் ஏழு நிமிடத்துக்காக ஊரைக் கூட்டியவர், ஒரு நாளைக்கு நாலு செக்கன் மட்டும் முந்துகிற அந்த மணிக்கூட்டைப் பார்த்து, ஐந்து முப்பத்தைந்துக்கே சோக்கட்டியைக் கீழே வைக்கத் தொடங்கினார். ஒரு காரணமும் சொல்லவில்லை. பத்து நிமிடம்! நான் திருடியதைவிட மூன்று மடங்கு! நாங்கள்தான் வென்றோம் என்று கத்திக்கொண்டு கடற்கரைக்கு ஓடினோம். பின்படலையால் போனால் கிட்ட. ஆனால் குசினி வாசலில் இப்போதெல்லாம் இரண்டு கதிரைகள் போட்டுக் கிடந்தன. வழியை மறிக்கிறதே என்று அலுத்துக்கொண்டு, அவற்றைச் சுற்றிக்கொண்டு ஓடினேன்.