யூசுப் பறிக்காத ஆலிவ்

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். பாறையில் கிணறு வெட்டித் தென்னந்தோப்பு வைத்தேன். மகனை அமெரிக்காவுக்கே அனுப்பினேன். அந்த மகன்தான், அவனைப் பார்க்க அங்கே வந்திருக்கும் என்னை லிவர்மோர் கோயிலுக்குக் காரில் கூட்டிப் போகும் வழியில் பெட்ரோல் போட நிறுத்துகிறான்.

கடைக்காரர் யூசுப் பாலஸ்தீனக்காரர். கடைக்குப் பின்னால் அவர் வளர்த்த ஆலிவ் மரத்தில் காய் கறுத்து, மண்ணில் உதிர்கிறது.

"ஏனுங்க, பறிக்கலீங்களா?" என்கிறேன். மகன் இங்கிலீஷில் கேட்டுச் சொல்கிறான்.

"ஊர்ல தம்பி பறிக்க ஆரம்பிச்சாத்தான் இவரும் பறிப்பாராம்ப்பா. ரெண்டு பேரும் ஒரே நாள்ல தொடங்கறது அவங்க அப்பா வச்ச பழக்கமாம். இந்த வருஷம் சொந்தத் தோட்டத்துக்குப் போற வழியிலயே மிலிட்டரி செக்போஸ்ட். தம்பி தினமும் போறாராம், உள்ள விடாமத் திருப்பி அனுப்பிடறாங்களாம்."

யூசுப்பின் சின்ன வயதில் அவர் அம்மா மரத்துக்குக் கீழே துணி விரிப்பாராம். அண்ணனும் தம்பியும் உச்சிக்கிளைக்கு அடித்துக்கொள்வார்களாம். சொல்லிச் சிரித்த யூசுப், சட்டென்று கடை டெலிபோனைத் திரும்பிப் பார்க்கிறார்.

என் தோப்புக்குள் என்னை ஒருவன் விடாவிட்டால்?

"பறிக்க வேண்டாஞ் சாமி. விழறதப் பிடிக்கலாமில்ல?" தோள்துண்டை உதறி மரத்தடியில் விரிக்கிறேன். யூசுப் உள்ளே ஓடிப் போர்வையோடு வந்து, என் துண்டுக்குப் பக்கத்தில் விரிக்கிறார்.

கார் நகரும்போது கண்ணாடியை இறக்கச் சொல்கிறேன்.

"தம்பிகிட்டப் பேசறப்ப மறக்காமச் சொல்லச் சொல்லு கண்ணு. முதல் துணி விரிச்சது பொள்ளாச்சிக்காரன்!"