வெள்ளை இட்லிக்குள் முருங்கைக்கீரை

என் மகள் சாப்பிடுவதெல்லாம் வெள்ளையாக இருக்க வேண்டும். இட்லி, தயிர்சாதம், பால், அவ்வளவுதான். தயிர்சாதத்தில் ஒரு கடுகு தென்பட்டாலும் தட்டு தள்ளிப் போய்விடும். ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளுக்கு நிறம், வாசனை, வாயில் படும் பதம் எல்லாமே பெரிய விஷயம் என்று டாக்டர் சொன்னார். எங்கள் சொந்தக்காரர்களுக்கு டாக்டரைவிட அதிகம் தெரியும். பெண்ணாடத்திலிருந்து வரும் நாத்தனார், ஒரு நாள் பட்டினி போட்டால் தானாகத் தின்னும் என்பார். தன் சர்க்கரை வியாதிக்குச் சொன்ன பத்தியத்தை அவர் ஒரு வேளைகூடக் கடைப்பிடித்ததில்லை. சொன்னால் சண்டை வரும்.

போன மழைக்காலத்தில் சோதித்தபோது பிள்ளைக்கு ரத்தம் ரொம்பக் கம்மி என்றார்கள். கொடுத்த மருந்தைத் துப்பிவிட்டாள். இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிவரும் என்றார் டாக்டர். பஸ் நிறைய ஆட்கள் இருந்தும் வழியெல்லாம் அழுதேன்.

என் கணவர் அழவில்லை. அவருக்கு யோசனை வந்துவிட்டது. பீங்கான் கம்பெனியில் பொம்மைக்கு அச்சு வார்க்கிறவர். மேலே கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சைப் பூசிவிட்டால் உள்ளே என்ன மண் என்று யாருக்குத் தெரியும் என்றார். இட்லிக் குழியில் பாதி மாவு ஊற்றி, நடுவில் மசித்த முருங்கைக்கீரையை வைத்து, மேலே மாவால் மூடினார். வெந்து வந்த இட்லியில் ஒரு பச்சைப் பொட்டுகூட இல்லை. கம்பெனியில்கூட இவ்வளவு சுத்தமாக வேலை செய்திருப்பாரா, தெரியாது.

பொம்மையை யாரும் உடைத்துப் பார்த்து வாங்குவதில்லை. என் மகளோ இட்லியைப் பிட்டுப் பார்க்காமல் தின்றதே இல்லை. இது அவருக்கும் தெரியும்.

அவள் பிட்டாள், பார்த்தாள், தட்டைத் தள்ளினாள். மறுநாள் வெறும் இட்லியையும் தொடவில்லை. தயிர்சாதத்தையும் கிளறிப் பார்த்துவிட்டு எழுந்து போனாள். கீரை ஊட்டப் போய், இருந்த சோற்றையும் தொலைத்தோம். மிஞ்சியது பால் மட்டும். பிள்ளை வாடிப்போனாள். எனக்கு அவரைப் பார்க்கவே பற்றிக்கொண்டு வந்தது.

டாக்டருக்குப் போன் செய்தேன். முதலில் பழைய சாப்பாடு திரும்பட்டும், அவள் கண்ணெதிரே செய்யுங்கள், புதுசு எதுவானாலும் பிறகு தனியாகப் பக்கத்தில் வையுங்கள், ஒளிக்காதீர்கள் என்றார்.

மறுநாள் காலையில் கணவர் அடுப்பைக் கூடத்துக்கே கொண்டுவந்தார். அவள் பார்க்க மாவு ஊற்றினார், பார்க்க எடுத்தார். ஒவ்வொரு இட்லியாகப் பிட்டு அவள் முகத்துக்கு நேரே காட்டினார். ஒரு பாதியைத் தானே தின்றார். அவள் நம்பவில்லை.

"நல்லா பாத்துக்க பாப்பா. உள்ள ஒண்ணுமே இல்ல. அப்பா இனிமே வைக்க மாட்டேன்."

எப்படியாவது ஒரு கரண்டி கீரை அவள் வயிற்றுக்குள் போய்விடாதா என்று தவித்த மனிதர், கீரை இல்லை, கீரை இல்லை என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அவள் ஒரு விள்ளல் எடுத்தாள், முகர்ந்தாள், வாயில் போட்டாள். எங்கள் ரெண்டு பேருக்கும் அழுகை வந்துவிட்டது.